இதர செலவு

விலை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது.
பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும்.
விசையை அழுத்தினால் சிவப்புப் பொட்டு ஒன்று போய் விழும்,
விழுந்த இடத்தின் சூட்டைச் சொல்லும்,
தொடாமலே.

தொட்டுப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள்.
தெரியும்.
இருபத்திரண்டு வருசமாகத் தொட்டுத்தான் பார்க்கிறேன்,
பால் சட்டியை, பையன் நெத்தியை,
எங்கள் கணபதி பட்டறையில்
மூணாம் நம்பர் லேத்தின் மோட்டார் முதுகை.

எங்கள் வீட்டுக்குள் ஒரு பொருள் சும்மா நுழைய முடியாது.
நுழைந்தால் வேலை செய்யோணும்.
நாய்கூடக் காவலுக்குத்தான்,
வால் ஆட்டுவதெல்லாம் ஓவர்டைம்.

கணக்கு எழுதுவது நான்.
போன தையில் இவர் ட்ரோன் கேட்டார்.
"தோப்புல காய் எண்ணலாம் புள்ள."
இருப்பது பதினோரு மரம்.
அண்ணாந்து பார்த்தாலே எண்ணிப்போடலாமுங்க என்றேன்.
பொடனியைத் தடவிக்கொண்டு போனார்.
அதற்கு முன்னால் ஐஸ்கட்டியை உருண்டையாகச் செய்கிற மெசின்.
அதற்கும் முன்னால், கை தட்டினால் எரிகிற விளக்கு.
எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்:
"போட்ட காசை எடுக்குமா?"

இப்போது அந்தக் கேள்வி
என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது
ஒறம்பரை மாதிரி,
காப்பி குடித்து முடித்தும் எழுந்திருக்காமல்.

காரணம் தேடினேன், ஒரு வாரம் முச்சூடும்.
பேரிங் சூடானால் முன்கூட்டியே தெரியுமே?
ஆறுக்குட்டி காதை வைத்தே சொல்லிவிடுவான்,
அதற்குத்தான் சம்பளம்.
தோசைக்கல்?
தண்ணி தெளித்தால் சொய்ங்கென்று அதுவே சொல்லும்.
மாமனாருக்குச் சுரம் வந்தால்?
அவருக்கு வருவதெல்லாம் கோபம்தான்,
அது கேட்டுக்கு வெளியிலிருந்தே தெரியும்.
கடைசியில் ஒன்று கிடைத்தது.
பட்டறைப் பேரில் பில் போட்டால்
ஜிஎஸ்டியில் இருநூற்று எண்பத்திரண்டு ரூபாய் கழியும்.
அந்த இருநூற்று எண்பத்திரண்டை விட மனசில்லாமல்
வாங்கிப்போட்டேன்.

வியாழக்கிழமை வந்தது,
கிரீஸ் டப்பாக்களோடு ஒட்டுக்கா.
மோட்டார் முதுகு, அறுபத்தொன்று.
சரி, வேலை முடிந்தது, உள்ளே வைக்கலாம்.
வைக்கவில்லை.
தோசைக்கல் இருநூற்றுப் பத்து.
நாய் மூக்கு இருபத்தேழு.
ஆடிட்டர் வாசுதேவன் குனிந்து பில் பார்க்கையில்
அவர் வழுக்கை முப்பத்தஞ்சு.
வெயிலில் நின்ற வண்டி சீட்டு அறுபத்தெட்டு.
அதில்தான் இவர் உட்காரப் போனார்.
நான் சொல்லவில்லை.
தூங்கும்போது இவர் காது முப்பத்திரண்டு,
நெஞ்சு முப்பத்தஞ்சரை.
இரண்டு தடவை பார்த்தேன், கணக்குச் சரியாக இருக்கோணுமே.

சனிக்கிழமை ராத்திரி கரண்ட் இல்லை.
காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன்.
பாலக்காட்டுக் கணவாய்க் காத்து
வேட்டிகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.
சுவர் முப்பத்திமூணு,
பகல் வெயிலை இன்னும் கையில் வைத்துக்கொண்டு.
தண்ணித் தொட்டி இருபத்தாறு.
வேறு எதுவும் மிச்சமில்லை.
அப்படியே மேலே நீட்டி அழுத்தினேன்.

பொட்டு எங்கேயும் போய் விழவில்லை.
மைனஸ் ஏழு.

பேட்டரி போயிருக்கும் என்று சுவரை அடித்துப் பார்த்தேன்.
முப்பத்திமூணு.
மேலே.
மைனஸ் ஏழு.
கணபதியில், சித்திரை மாசத்தில்,
என் தலைக்கு நேராக.
இதை மட்டும் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

கீழே வந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டை விரித்தேன்.
தேதி எழுதினேன். ரூபாய் எழுதினேன்.
விவரத்தில் பேனா நின்றுவிட்டது.
பட்டறைச் சாமான் என்று எழுதி அடித்தேன்.
மராமத்து என்று எழுதி அடித்தேன்.

"இன்னும் தூங்கலையா புள்ள?"
இவர்தான், புரண்டு படுத்துக்கொண்டு.

"ஏனுங்க," என்றேன்,
"அந்த ட்ரோன்
எவ்வளவு உசரம் போகும்?"