ஆ அட்டவணை, இனம் பதினொன்று

உசிலம்பட்டி சார்பதிவாளர் அலுவலகத்தில்
டோக்கன் நாற்பத்திரண்டு.
ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை.
தம்பிகள் இருவரும் வெள்ளைச் சட்டையில்
ஒரே பெஞ்சில், நடுவே வக்கீல்.
அப்பா போன இந்த நாற்பது நாளில்
இவ்வளவு நெருங்கி அவர்கள் உட்கார்ந்து
நான் பார்க்கவில்லை.

விடுதலைப் பத்திரம். பதினெட்டுப் பக்கம்.
எவருடைய தூண்டுதலும் இன்றி
பூரண மனச்சம்மதத்தோடு.
அக்காமார் இரண்டு பேரும் போன வாரமே
விடுதலை ஆகிவிட்டார்கள்,
ஆளுக்கொரு பட்டும் ஐந்து பவுனுமாக.

அ அட்டவணை: பஸ் இருபத்தாறு, ரூட் பர்மிட்டோடு.
பெட்ரோல் பங்க். நாகமலை வீடு.
எழுமலைத் தோட்டம், கிணறு, மோட்டார், தென்னை நூற்றிப்பத்து.
தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

ஆ அட்டவணை:
வைகை வல்லூறுகள் கபடி அணி.
பெயர், கொடி, லீக் உரிமம்.
மேட் ஒரு செட், பழையது.
எடை பார்க்கும் மெஷின்.
இனம் பதினொன்று,
இடது கார்னர் ஆட்டக்காரர் ஒப்பந்தம்,
ஓராண்டு பாக்கி.

இனம் பதினொன்றின் பெயர் சுருளிநாதன்.
முழங்கால் ஜவ்வு அறுந்து
அவனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன ராத்திரி
'உறவு' என்ற கட்டத்தில் என்ன போட என்று நர்ஸ் கேட்டாள்.
ஓனர் என்று எழுதினேன்.
மறுநாள் அப்பா அந்தத் தாளைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை.
அடிக்கவில்லை, திருத்தவில்லை.
அதை எந்தக் கோர்ட்டில் உயில் என்று காட்ட?

பதினோரு வருஷம்.
செக்கானூரணி பஸ் ஷெட்டில் கடைசி வரிசை,
கிரீஸ் கறையைச் சுரண்டி மேட் விரித்தது,
சம்பளம் போட்டது, முட்டைக் கணக்குப் பார்த்தது,
ரெய்டு போகிறவனின் மூச்சை
வாட்ச் இல்லாமல் முப்பது வரை எண்ணப் பழகியது.
டிவியில் ஜெயித்த அன்று மட்டும்
தம்பிகள் வருவார்கள், கூலிங் கிளாஸோடு.

பெரியவன் ஐதராபாத் கம்பெனியிடம் விலை பேசிவிட்டான்.
சின்னவனுக்கு விற்க மனசில்லை,
கோப்பையைத் தூக்கும்போது
தன் மகன் முகம் படத்தில் விழ வேண்டும்.
அது அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை.
முதலில் நான் தீர வேண்டும்.

"போதும்பொண்ணு யாரும்மா?"

நான்தான்.
மூன்றாவதும் பெண் என்றதும்
குலசாமிக்கு அப்பா போட்ட மனு அந்தப் பெயர்.
ரேஷன் கார்டிலும் அது, லீக் அடையாள அட்டையிலும் அது.
நாற்பத்தாறு வருஷமாக
அந்த மனுவை நான்தான் கழுத்தில் மாட்டியிருக்கிறேன்.
சாமியும் கேட்டது. அடுத்தடுத்து இரண்டு.
அதோ, பெஞ்சில்.

கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள்.
பெருவிரலை வைக்கச் சொன்னார்கள்.
"ஆ அட்டவணையை எடுத்துட்டுத் தாங்க,
மத்ததுக்கெல்லாம் போடுறேன்."
வக்கீல் சிரித்தார்.
தம்பிகள் சிரிக்கவில்லை.
டோக்கன் நாற்பத்து மூன்றைக் கூப்பிட்டார்கள்.

இனி ஜில்லா கோர்ட். அப்புறம் ஒத்தக்கடை,
யானைமலையைப் பார்த்தபடி எத்தனை வாய்தாவோ.
லீக்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
முப்பது நாளுக்குள் ஒரே பெயர்,
இல்லையென்றால் உரிமம் ரத்து.
முப்பது நொடி என்றால் எண்ணிவிடுவேன்.

மறுநாள் காலை பெரியவன் ஷெட்டுக்கு வந்தான்.
செருப்பை வெளியிலேயே விட்டிருந்தான்.
யாரும் சொல்லவில்லை. அப்பா வைத்த சட்டம்.
குதிகால் வெடிப்பும் அவருடையது.
சுருளி சுவரைப் பிடித்து
மெல்ல உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான்.
"இவன் ஆடுவானா?"
விலைக்காகக் கேட்கிறானா வேறெதற்குமா, பிடிபடவில்லை.
"தை பிறந்தா ஆடுவான்."
கொஞ்ச நேரம் இருவரும் அந்தக் காலையே பார்த்தோம்.

தண்ணீர் கேன் வந்தது, பன்னிரண்டு.
நான் கைப்பைக்குள், அவன் சட்டைப்பைக்குள்,
ஒரே சமயத்தில் கைவிட்டோம்.
கேன்காரன் இரண்டு கையையும் பார்த்தான்.
பில்லை யார் பேருக்குப் போட என்று கேட்டான்.