ஒற்றை வரிசை

துர்க்குவிலிருந்து மருமகளாய் வந்து இறங்கிய அன்று
பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை முழங்கால் பனி.
மாமனார் முன்னே போனார்.
அவர் தடத்தில் மாமியார் லெம்பி,
லெம்பியின் தடத்தில் என் எஸ்கோ.
நான் மட்டும் விலகி
யாரும் மிதிக்காத வெள்ளையில் பூட்ஸைப் பதித்தேன்,
ஒரு ஆசைக்கு.
"தடத்துக்கு வா" என்றார், திரும்பாமல்.
என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.
என்ன மனிதர் இவர் என்று நினைத்தேன்.
கெமி ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தௌனோ கெல்லோனியெமி.
போர் ஓய்ந்தது என்று வானொலி சொன்ன பிறகுதான்
அவருக்குப் போர் தொடங்கியது.
இருபது வயது. கையில் கொடுத்தது
ஓர் இரும்புக் கம்பி, ஒரு கட்டு சிவப்புத் துணி.
பின்வாங்கிய படை
வீடுகளை எரித்த கையோடு
கிணற்றடியில், பள்ளிக்கூடப் படியில்,
உருளைக்கிழங்குப் பாத்தியில்
விதைத்துவிட்டுப் போயிருந்தது.
குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்த்து,
விரற்கடை விரற்கடையாக
மண்ணைத் தட்டிக் கேட்பாராம்.
கல் என்றால் ஒரு சத்தம்.
வேர் என்றால் சத்தமே இல்லை.
மூன்றாவது எப்படியிருக்கும் என்று
நாங்கள் கேட்டபோதெல்லாம்
அடுப்புக்கு விறகு எடுக்கப் போனார்.

இடக்கையில் மிஞ்சியது மூன்று விரல்.
பிள்ளைகளோ நான்கு.
ரைலி, மார்தா, ஒலாவி என்று மடக்கிவிட்டு
நான்காவதுக்கு மூக்கைத் தொடுவார்.
எங்கள் வீட்டில் எஸ்கோவின் பெயரே மூக்குதான்.

அந்த மூன்று விரலை வைத்துத்தான்
இரண்டு பெண்களுக்கும் பள்ளி நாட்களில் பின்னல் போட்டார்.
இழுத்து இழுத்து, புருவம் மேலேறும்படி.
"அப்பா பின்னினால் சனிக்கிழமைவரை அவிழாது" என்பாள் ரைலி,
அறுபது வயதிலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

முப்பத்தொரு வருடம் சாலைத் துறையில் பனி ஒதுக்கும் வண்டி.
விடிகாலை மூன்று மணிக்கு,
எந்தச் சக்கரமும் படாத சாலையில் முதல் ஆளாக.
வேறென்ன வேலை பார்த்திருப்பார் அவர்.

நல்லவர் என்று மட்டும் எழுதிவிட முடியாது.
பந்தைத் துரத்திக்கொண்டு
வேலி தாண்டிக் காட்டுக்குள் ஓடிய ஏழு வயது மூக்கை
அடித்த அடியில் உதடு கிழிந்தது.
அடித்த கையை அன்று இரவுவரை
சட்டைப்பையை விட்டு எடுக்கவில்லை.
சாப்பிடவும் இல்லை.
மறுநாள் கம்பியோடு அந்தக் காட்டுக்குள் போனார்,
அதற்கு மறுநாளும்.
மூன்று கோடை.
பிறகு பிர்ச் மரங்களில் கட்டியிருந்த சிவப்புத் துணிகளை
ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வந்து
"பழம் பறிக்கலாம்" என்றார்.
பதக்கம் தூண்டில் முள் டப்பாவில் கிடந்தது.
துணிகளைத்தான் மடித்துத் துவைத்து வைத்திருந்தார்.

லெம்பிக்கு ஞாபகம் போனது.
ஆறு வருடம் அவளுக்கும் அவரே பின்னினார்,
இந்த முறை இறுக்காமல்.
"யாரப்பா நீ, நன்றாகப் பின்னுகிறாய்" என்பாள்.
"சாலைத் துறையிலிருந்து" என்பார்.

தொண்ணூற்றேழில், பிப்ரவரியில், தூக்கத்தில்.
கல்லறைத் தோட்டத்துப் பாதை அகலமானது.
நாலு பேர் சேர்ந்தே நடக்கலாம் என்றார் பாதிரியார்.
இருபத்திரண்டு பேரும்
பெட்டிக்குப் பின்னால் ஒருவர் தடத்தில் ஒருவராகவே போனோம்.
யாரும் சொல்லிவைக்கவில்லை.

நடுவழியில் ரைலியின் பேத்தி,
ஐந்து வயது ஹில்யா,
வரிசையை விட்டுக் குதித்து
ஆற்றைப் பார்க்கப் புதுப்பனியில் ஓடினாள்.
என் வாய் திறந்துவிட்டது:
"தடத்துக்கு"
அதற்கு மேல் வரவில்லை.
எஸ்கோ என்னைப் பார்த்தான், நான் அவனை.
பெட்டி நின்றது. எல்லோரும் நின்றோம்.
அவள் போய்க்கொண்டே இருந்தாள்,
இடுப்புவரை புதைந்து, சிரித்து,
மறுபடி எழுந்து.

மாலையில் அவள் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன்.
இரண்டு கைப்பிடி பனி விழுந்தது.
அடுப்போரம் காய வைத்தேன்.