நாற்பத்திரண்டாவது தோல்

அகேயோ முதலில் வந்தபோது
மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.
கிசுமு கிளை, கடன் பிரிவு. மின்விசிறி ஓடவில்லை.
மனப்பாடமாக ஆறு நிமிடம் பேசினாள்:
சந்தை, வளர்ச்சி, வாய்ப்பு.
இரவல் சட்டை மாதிரி
தோளில் நிற்காமல் வழுக்கின சொற்கள்.
"யோசிக்கிறோம்" என்றேன்.
யோசிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து மறுபடி.
கையில் காகிதம் இல்லை.
ஏரிக்கரை ஆலை வீசியெறியும் மீன் தோல்கள்;
நாற்பத்தொன்று அழுகின,
வீட்டுக்காரர் வாளியோடு வெளியே தள்ளினார்,
பப்பாளிச் சாற்றில் ஊறிய அடுத்தது
வளைந்தது, முறியவில்லை.
இவ்வளவுதான் சொன்னாள்.
என்னைப் பார்க்கக்கூட இல்லை,
அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, அந்தத் தோலில் தைத்த செருப்பைக் கழற்றி
என் கோப்பின் மேல் வைத்தாள்.
"மோந்து பாருங்கள்."

இருபது வருஷ உத்தியோகத்தில்
யார் செருப்பையும் நான் மோந்ததில்லை.
மீன் வாடை இல்லை.
அவள் நடந்துவந்த புழுதி மட்டும்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன்:
"கடன் கிடைக்காவிட்டால்?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்,
"மெதுவாகச் செய்வேன்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.