ஆளொன்றுக்கு ஒரு கடல்

ஏல நோட்டின் முன்பக்கமெல்லாம்
சாளை, நெத்திலி, ஊளி, பாரை.
பின்னட்டையிலிருந்து திருப்பி
கடல்களுக்கு விலை எழுதினேன்.

சீட்டு எடுத்தது நாற்பத்தாறாயிரம்.
இன்ஜின் தவணை போக முப்பத்தொன்று.
கல்யாணமாகி இருபத்து மூன்று வருசத்தில்
நானும் கஸ்பாரும் சேர்ந்து போன வெளியூர்
வேளாங்கண்ணி ஒன்று,
பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி ஒன்று.

பாலி என்றாள் மகள் செரின், போனை நீட்டி.
தென்னைக்கு நடுவே ஊஞ்சல், கீழே பள்ளத்தாக்கு.
நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே நூற்றுக்கணக்கில் தருவானாம்,
இறங்கியதும் லட்சாதிபதியாம்.
இறங்குவதற்கு ஆளுக்கு இருபத்தெட்டு.
அடித்தேன்.

அந்தமானுக்குச் சென்னையில் கப்பல்,
மூன்று பகல் மூன்று ராத்திரி.
"கப்பல்லயா? துட்டு குடுத்தா?"
சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது.
அதையும் அடித்தேன்.

கொழும்பு, மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரம்.
விலையும் பரவாயில்லை, மீன்குழம்பும் நம்ம ருசி.
கஸ்பார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"விசா எடுத்துப் போனா புடிக்க மாட்டானுவளா?"
மாட்டார்கள் என்றேன்.
அடிக்கவில்லை, ஆனால்
அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மாலத்தீவில் சொந்தத் தீவு வேண்டாம்,
ஊர்க்காரர் வீட்டு மாடியில் அறை இருக்கிறது.
சாப்பாட்டுப் பட்டியலில் சிங்கறால், ஒன்றின் விலை
இங்கே நாங்கள் ஏலம் விடும் நாலு கிலோ.
ஈரச் சாக்கில் உயிரோடு சுற்றி
எத்தனை அனுப்பியிருப்பேன்.
எங்களுக்கு முன்னாலேயே
அது ஏசியில் பறந்துவிட்டது.

கோவாவுக்கு நெல்லையில் கிளம்புகிற ரயில்,
கூட்டப்புளிக்காரர் நாகர்கோவிலில் ஏறினால் போதும்.
ஸ்லீப்பர் போக வர, ரெண்டு பேருக்கு, மூவாயிரத்துக்குள்.
அறை, சீசனில் ரெண்டாயிரத்து நானூறு.
பொரித்த மீன் ஒரு தட்டு நானூற்றைம்பது.
"என்ன மீனு?"
சீலா.
"எத்தன துண்டு?"
படத்தில் ஒன்று.
எழுந்து வெளியே போய்
பீடி பற்றவைத்துவிட்டு வந்தான்.

"சரி, அங்க போயி கடல்ல என்ன செய்யணும்?"
ஒண்ணும் செய்யக்கூடாது.
"சும்மா பாக்கணுமா?"
சும்மா பாக்கணும்.
"எவ்வளவு நேரம்?"
நாலு பகல், மூணு ராத்திரி.
"காத்து எங்க இருந்து அடிக்குன்னு?"
பாக்க வேண்டாம்.
"நீரோட்டம்?"
வேண்டாம்.
"பாடு எப்படின்னு யாரும் கேக்க மாட்டான்?"

எங்கள் கரையில்
மீன் கிடைப்பதற்கும் பாடுதான் பெயர்,
கிடைக்காததற்கும் அதேதான்.
பாடே இல்லாத ஒரு கடல்
எவ்வளவு விலை சொல்லும் என்று
எனக்கும் தெரியவில்லை.
என்னிடம் யாரும் "எக்கா, இன்னைக்கு ரேட்டு என்ன"
என்று கேட்காத ஒரு காலை வேண்டும்,
அவ்வளவுதான்.
அதற்குத் தனியாக வரி உண்டா
என்று எங்கும் போடவில்லை.

கடைசியில் செரின்தான் பார்த்தாள்,
ஜூலையில் அதே அறை எழுநூறு.
ஏன் இவ்வளவு மலிவு?
மழை, அம்மா. கடைகள் பாதி மூடியிருக்கும்.
கரை முழுக்கச் சிவப்புக் கொடி,
ஒருத்தரையும் தண்ணியில் இறங்க விட மாட்டாங்களாம்.
அப்படியானால் வேண்டாம் என்று
பேனாவைச் சாய்த்தேன்.

கஸ்பார் நோட்டைத் தன் பக்கம் இழுத்தான்.
எழுத்துக் கூட்டி வாசித்தான்.
"படகும் போகாதா?"
போகாது.
"ராத்திரியும்?"
ராத்திரியும்.
"ஒருத்தனும் கடலுக்குப் போக மாட்டான்?"
போக மாட்டான்.

ஆடிக் காற்றில் இங்கேயும் தொழில் மட்டம்தான்,
ஆனாலும் நாலு வள்ளம் போகும்,
நாலு வீட்டில் விளக்கு எரியும்.

"அதையே போடு" என்றான்.

பின்னட்டையில் இடமில்லை.
முன்பக்கம் திருப்பி
நெத்திலி பதினாலு பெட்டிக்குக் கீழே எழுதினேன்:
கோவா, ரெண்டு பேர்,
மழை உட்பட.