உறைபவர் எண்ணிக்கை

ஜூன் நாலு. சூரியன்
விடுப்பில் போய் மூன்று நாள்.
தலைநகரிலிருந்து கணக்கெடுப்புப் படிவம்
ரேடியோ வழியே வரிவரியாக இறங்கியது.
கையெழுத்துப் போடுவது தளபதி வேலை,
எண்ணுவது சமையற்காரன் பொறுப்பு என்று தள்ளிவிட்டார்கள்.
நியாயம்தான்.
தட்டு கழுவுகிறவனுக்குத் தெரியாத தலைக்கணக்கு உண்டா?

நஸரேனோ எப்புலெஃப்
மாவு படிந்த விரலால் பக்கம் புரட்டினான்.

கோடையில் இந்தக் கண்டத்தில் ஐயாயிரம் பேர்.
கடைசிக் கப்பல் ஊதிக் கிளம்பியபின் ஆயிரம்.
சீனாவையும் இந்தியாவையும்
அடுத்தடுத்துப் படுக்கவைத்தாலும் மிச்சமிருக்கும் வெள்ளையில்
சுமாரான ஒரு கல்யாணப் பந்திக் கூட்டம்.
அடுத்த வீட்டுக்காரர்கள் உக்ரைன் நாட்டவர்,
முந்நூறு கிலோமீட்டர் தள்ளி.
அங்கிருந்து ஸெனோவி ரேடியோவில் சதுரங்கம் ஆடுவான்;
ஒரு குதிரையை நகர்த்த
ஒரு நாள் எடுத்துக்கொள்வான்.

மற்றக் கண்டங்களின் வயதுப் படம்
கூம்பாக நிற்குமாம்,
சிலவற்றில் தலைகீழாகச் சாயுமாம்.
இங்கே வரைந்தால் பானை:
அடியும் இல்லை, வாயும் இல்லை, வயிறு மட்டும்.
இருபத்தைந்துக்குக் கீழ் ஒருவருமில்லை.
ஜெனரேட்டர் பார்க்கும் உகார்த்தே, ஐம்பத்தெட்டு,
முழங்கால் எக்ஸ்ரேவை ஒளித்துவைத்துத்தான் கப்பலேறினார்.
இந்தத் தளத்தில் ஒரு பால்பல் விழுந்ததில்லை.
நாய்க்குக்கூட அனுமதியில்லை, ஒப்பந்தம் அப்படி.

பெண்கள் மூன்று. ஆண்கள் பத்து.
தாய்மொழி: ஸ்பானிஷ் பன்னிரண்டு,
மாப்புதுங்குன் ஒன்று.
அந்த ஒன்று அவன்தான். பாதிதான் தெரியும்,
முழுசாகவே எழுதினான்.
பிறப்பு: இல்லை.
குடிவந்தோர்: எல்லோரும்.
குடிபோவோர்: பதிமூன்று. நவம்பரில்,
கப்பல் வந்தால்.

பத்தொன்பதாவது கேள்வி:
இவ்விடத்தில் நிரந்தரமாக உறைபவர் எத்தனை?

பேனா நின்றது.
அலமாரியில் பதினாலு தட்டு.
மேசைக்கு வருவது பதிமூன்று.

மார்ச் இருபத்தாறு.
ஃபெர்மீன் ஒயார்சோ பனிவண்டியில்
எண்ணெய்ப் பீப்பாய்களைப் பார்க்கப் போனான்.
வெள்ளை வாயைத் திறந்து மூடிக்கொண்டது.
எண்பது மீட்டர் கயிறு இறக்கினார்கள்.
கயிறு எடை கூடாமல் மேலே வந்தது.
அவனுக்கு முட்டை இரண்டு பக்கமும் வேக வேண்டும்.
எத்தனை முறை கத்தியிருக்கிறான், கத்தியிருக்கிறான்.

இறப்பு என்று எழுத உடல் வேண்டும் என்கிறாள்
மருத்துவர் ஒரியானா.
உடல் இல்லையென்றால் காணவில்லை.
படிவத்தில் காணவில்லை என்று ஒரு கட்டமே இல்லை.

தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு,
நஸரேனோவுக்கு அது தெரிய வழியில்லை:
உறைவது என்றால் குடியிருப்பது,
உறைவது என்றால் பனிக்கட்டியாவதும்.
உறைபனி என்று சேர்த்துச் சொன்னால்
காலம் உள்ளே பதுங்கிக்கொள்ளும்.
உறைந்தானா, உறைகிறானா, உறைவானா,
சொல் காட்டிக்கொடுக்காது.

எழுதினான்: ஒன்று.

மூன்றாம் நாள் பதில் வந்தது.
பத்தொன்பதாவது கேள்விக்குப்
பூஜ்யம் மட்டுமே ஏற்கப்படும்.
திருத்தி அனுப்பவும்.

அன்றிரவு பனியாறு அளக்கும் மிலாக்ரோஸ்
சூப்பை உறிஞ்சியபடி சொன்னாள்,
யாரிடமும் குறிப்பாக இல்லை:
அது நிற்கிற ஐஸ் இல்லை.
வருஷத்துக்கு முப்பது மீட்டர்,
கடலைப் பார்த்து.
கடல் ஐந்து கிலோமீட்டர்.

நஸரேனோ கரண்டியைக் கீழே வைக்காமலே வகுத்தான்.
நூற்று அறுபத்தேழு வருஷம்.
அப்படியானால் புறப்பட்டுவிட்டான்,
மூட்டை கட்டாமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

பத்தொன்பதில் பூஜ்யம் போட்டான்.
பின்பக்கம் திரும்பி
குடிபோவோர் கட்டத்தில்
பதிமூன்றை அடித்துப் பதினாலு என்று எழுதினான்.

அதைப் பற்றித் தலைநகரில் யாரும்
இதுவரை கேட்கவில்லை.
மேசையில் யாரோ உப்பு கேட்டார்கள்.