பச்சைப் பென்சில்

பழைய சைக்கிளோடு
சும்மா வந்தது அந்த வரைபடம்.
விற்றவன் எத்தியென்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எனக்கு மேல்மாடியில் மூன்று வருடம்.
ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில்
சீட்டுக்கடியில் தொங்கிய பையை
அவன் துழாவிப் பார்க்கவில்லை.

மடிப்புகளில் நைந்த தாள்.
வாயில் நுழையாத ஊர்கள்,
டி என்று தொடங்கும் சாலை எண்கள்.
சிலவற்றின் மேல் மட்டும் பச்சைப் பென்சில் ஓடியிருந்தது.
என்னவென்று எழுதிக் கேட்டேன்.
"லாரி வராத சாலைகள்.
நாய் உண்டு, குரைக்கும், கடிக்காது.
நீயே வைத்துக்கொள்."

இரவு ஷிப்ட் முடிந்து ஏழேகாலுக்கு
வெள்ளை உடுப்பைக் கழற்றி
முகமூடியைக் கழற்றி
பன்னிரண்டு மணி நேரம்
ஒற்றைத் தூசிக்குப் பயந்து கிடந்த முகத்தைக்
காற்றிடம் கொடுக்கிறேன்.
"போய்த் தூங்குடி, யோகேஸ்" என்று
தொழிற்சாலை பஸ் ஜன்னலிலிருந்து யாரோ.
தூங்கலாம். ஞாயிறு என்பது
தூங்கித் தீர்த்துவிடக்கூடிய சின்னப் பொருள்தான்.

தெலுக் கும்பார் வரைக்கும் லாரிகள்.
அதற்குப் பிறகு ஏற்றம்.
மூச்சு நடுவில் கிழியும் இடத்தில்
டுரியான் மரங்களுக்கடியில் வலை விரித்திருக்கிறார்கள்,
என்னைப் பிடிக்க இல்லை.
இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டால்
கண்ணீர் காதுப்பக்கம் ஓடும்.
அழுகை அல்ல, வேகம்.

பாலிக் பூலாவ்.
தீவு தன் முதுகைக் காட்டிக்
குப்புறப் படுத்திருக்கும் இடம்.
இங்கே சூரியனுக்கு மலை ஏறி வரவேண்டும்,
என்னைப்போலவே தாமதம்.
சுங்கை புரோங் வயல்வெளியில்
கார் ஒன்று போகும் அகலச் சடக்கு,
ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம்
தண்ணீரில் தன்னையே குனிந்து பார்க்கும் கொக்கு.
சங்கிலியின் சத்தம் எனக்கே கேட்கிறது.
பன்னிரண்டு மணி நேரம் இயந்திரங்களோடு இருந்தவளுக்கு
ஒரே ஓர் இயந்திரத்தின் சத்தம்,
அதுவும் நான் மிதித்தால்தான்.

நாய் வந்தது. குரைத்தது. கடிக்கவில்லை.
எத்தியென், உன் பென்சில்
இதுவரைக்கும் நீள்கிறது.

பூலாவ் பெத்தோங் திருப்பத்தில்
சிப்பி ஓடு ஒன்று டயரின் ஓரத்தைக் கீறியது.
விரல் நுழையும் கீறல்.
துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மக்சிக் சல்மா
(பெயர் பிறகுதான் தெரியும்)
கேட்காமலே ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.
டியூப்பை முக்கினால் குமிழி, குமிழி.
"தனியாகவா வந்தாய்?" என்றார் மலாயில்.
"தனியாகத்தான்."
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை,
கிளிப் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டார்.

டியூப்புக்கு ஒட்டு இருந்தது.
டயர்க் கீறலுக்கு உள்ளே வைக்கத்தான்
கெட்டியாக ஏதாவது வேண்டும்.
ஒரு வெள்ளி நோட்டு போதும்,
பிளாஸ்டிக், கிழியாது.
பர்சில் இருந்ததோ ஒற்றை ஐம்பது,
அது பெட்ரோலுக்கும் அம்மாவின் மாத்திரைக்கும் பேசி வைத்தது.

வரைபடத்தைக் கிழித்தேன்.
ஓர் ஊர், ஒரு பாலம், பச்சைக்கோட்டில் கால்பங்கு.
எட்டாய் மடித்து உள்ளே வைத்துக்
காற்றடித்தேன்.
"அது எந்த இடம்?" மக்சிக் எட்டிப் பார்த்தார்.
"பிரான்ஸ்."
"தூரமா?"
"இதோ, உள்ளே போய்விட்டது."
சிரிப்பில் கிளிப் வாளிக்குள் விழுந்தது.

திரும்பும்போது மெதுவாகத்தான் ஓட்டினேன்.
சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும்
ஒரு சின்னப் புடைப்பு, டொக்.
யாரோ ஒருவருடைய பாலம்
பினாங்குத் தாரைத் தொட்டுத் தொட்டு வந்தது.

சந்தைப்பக்கம் லக்சா கடையில் பசியாற உட்கார்ந்து
தாளை மடியில் விரித்தேன்.
நடுவில் ஓட்டை.
அதன் வழியே
கிரீஸ் பூசிய என் முழங்கால்.