உள்ளே விட்ட துணி

செகெத் நகரில், திசா ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி,
வாள்வீச்சுக்காரர்களுக்கு வெள்ளைக் காற்சட்டை தைக்கிறேன்.
முகமூடி போட்டுவிட்டால் யார் எவரென்று
எனக்கும் தெரியாது.
தொடையைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்கிறேன்.

ஹைனல்கா:
இடது அறுபத்தொன்று, வலது ஐம்பத்தேழு.
இடக்கைக்காரி.
பாயும்போது இடது கால் முன்னே விழும்,
வலது பின்னால் நின்று தள்ளும்.
பதினொரு வயதிலிருந்து
நாளுக்கு இருநூறு, முந்நூறு தடவை.
தள்ளிய காலுக்கு அல்ல,
தாங்கிய காலுக்குத்தான் சதை வைத்தது.

அவளுக்குத் துணியை மடித்து வெட்ட முடியாது.
இரண்டு காலுக்கும் இரண்டு காகிதம்.
ஒன்றில் நீலப் பென்சிலால் அவள் பெயர்,
மற்றதில் பெயரோடு ஒரு வசவு.
ஜிப்பும் வாளில்லாத பக்கத்தில்தான்.
உடுப்புக்கு எப்போதோ தெரிந்துவிட்டது
இவள் ஒருக்களித்து வாழ்கிறவள் என்று.

என் கடைக் கண்ணாடியில் மட்டும் அவள் வலக்கைக்காரி.
அளவெடுக்கும்போது அதை நோக்கி வெறுங்கையை நீட்டுவாள்.
"இவளை மட்டும் என்னால் தொடவே முடியாது."

மார்ச்சில் பயிற்சிக்கூடத்துக்கு ஒரு கருவி வந்தது.
தரையில் இரண்டு இரும்புத் தட்டு, ஏறிக் குதிக்க வேண்டும்.
திரையில் ஒரு பச்சைத் தூண், ஒரு சிவப்புத் தூண்.
இடம் ஐம்பத்தாறு, வலம் நாற்பத்து நான்கு என்றான்
ஆபெல், பட்டம் வாங்கி ஆறு மாதமானவன்.
ஒரு பிள்ளையின் கண்ணில் வெண்ணெயும்
மறு பிள்ளையின் கண்ணில் சுண்ணாம்பும் வைத்த
தாயைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தானாம்.

அவன் சொன்னதில் பொய்யில்லை.
முன்கால் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டுதான்
அவள் டிராமில் வீடு போவாள்.

கோடை முழுக்க வலது காலுக்கே வேலை.
ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுந்தாள்,
மரப்பெட்டி மேல் ஏறி இறங்கினாள்,
வலது கையால் சூப் குடித்து
மேசைவிரிப்பையெல்லாம் சிவப்பாக்கினாள்.
ஆகஸ்ட் கடைசியில் என் நாடா சொன்னது:
அறுபது. ஐம்பத்தொன்பதரை.
துணியை மடித்தேன். ஒரே வெட்டு, இரண்டு கால்.
வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்தது
ஒருமாதிரி இருந்தது.

தெப்ரெட்சென் போட்டிக்கு நானும் போனேன்,
தையல் தாங்குகிறதா என்று பார்க்க.
பதினான்குக்குப் பதினான்கு.
எதிரே நின்றவள் ஒரு கணம் குதிகாலில் சாய்ந்தாள்,
ஹைனல்கா பாய்ந்தாள்.
அழகான பாய்ச்சல், பாடப்புத்தகத்தில் வரையலாம்.
வாள்முனைக்கும் அவள் மார்புக்கும் நடுவே
ஒரு பொத்தான் அகலம் மிச்சம்.
விளக்கு அந்தப் பக்கம் எரிந்தது.

தையல் பிரியவில்லை.

திரும்பும் ரயிலில் ஆபெல் எண்களைக் காட்டினான்,
எல்லாம் பச்சை.
உடம்புக்குப் பழக இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றான்.
ஆகலாம்.
அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே
"வலிக்கவே இல்லை" என்றாள்,
வீட்டில் யாரோ புகுந்து
ஒரு நாற்காலியை எடுத்துப் போய்விட்டதைப்போல.

அன்றிரவு கண்ணாடி முன் என்னையே அளந்தேன்.
முப்பது வருஷக் கத்தரிக்கோல்:
வலது தோள் இரண்டு விரல் கீழே,
கட்டைவிரலடியில் காய்ப்பு.
என் கோட்டின் ஒரு தோளில் மட்டும்
பஞ்சு வைத்துச் சரிக்கட்டியிருப்பது
யாருக்கும் தெரியாது.

நவம்பரில் வந்தாள்.
அறுபதரை, ஐம்பத்தெட்டேமுக்கால்.
எந்தப் பக்கம் போகிறாய் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
கதவுவரை போனவள் திரும்பி,

"இடது பக்கம்
உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்" என்றாள்.

எவ்வளவு?

ஒரு கையுறையைக் கழற்றி
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகட்டிக் காட்டினாள்.
நாடா வைத்துப் பார்க்கவில்லை நான்.
அந்த இடைவெளி எனக்குத் தெரியும்.